தொட்டியிலிருந்து ஏறி வந்த இருநூற்றுப் பதினான்கு பேர்

முதலில் அந்தச் சத்தம். 1964-ஆம் வருடம், மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பச்சைத் திரை ஒன்றுக்குப் பின்னால் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்ற நேசபாய் அதைக் கேட்டாள். ஞானஸ்நானத் தொட்டியின் அடைப்பை யாரோ பிடுங்க, தண்ணீர் முதலில் முணுமுணுத்தது, பிறகு வழக்காடியது, பிறகு கெஞ்சியது, கடைசியில் விருந்து முடித்த பெரிய மனிதரைப் போல நீளமாக ஒரு ஏப்பம் விட்டு அடங்கியது. திரைக்கு அந்தப் பக்கம், அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற தபால்காரர் லெனார்ட், ஆராதனை நேரத்தில் சிரிக்கக்கூடாது என்பதற்காக இருமினார். இங்கிலாந்துக்கு வந்த மூன்று வருடத்தில் அவள் கேட்ட சத்தங்களில், நாகர்கோவிலில் கேட்டிருக்கக்கூடிய சத்தம் அது ஒன்றுதான்.

ஆலயத்தின் பெயர் ரெகொபோத். லிங்கன்ஷயரில், முட்டைக்கோசு வயல்களுக்கு நடுவே, ஸ்லாதர்பி என்கிற சின்ன ஊரில் அது செங்கல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய கிணறுகளில் எதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லையோ அந்தக் கிணற்றுக்கு வைத்த பெயர் அது; ஆனால் இந்த ரெகொபோத்தில் சண்டை வராத வருடமே கிடையாது. ஒபதியா கிரிம்ஸ் என்கிற வண்டிச்சக்கரத் தச்சர், ஊர்க் கோயிலில் குழந்தைகளின் தலையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து, தூங்குகிற பிள்ளைக்கு எதற்கு ஸ்நானம், விவரம் தெரிந்து கேட்கிறவனுக்குத்தான் ஸ்நானம், அதுவும் உச்சந்தலை முங்கவேண்டும் என்று சொல்லி வெளியேறி, பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டுபோய், 1790 ஜனவரியில், பனிக்கட்டியை உடைத்துவிட்டு ஆற்றில் முக்கி எடுத்ததில் தொடங்கியது அது. கரையில் நின்ற ஊரார் கிழங்குகளை எறிந்து வேடிக்கை பார்த்ததால், 1821-ல் ஆலயத் தரைக்கு அடியிலேயே ஒரு செங்கல் தொட்டி கட்டி, மேலே பலகை போட்டு, பலகைக்கு மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். 1846-ல் ஆர்மோனியம் வைப்பதா கூடாதா என்று பிரிந்தார்கள். 1903-ல் தொட்டித் தண்ணீரைச் சுடவைப்பது விசுவாசக் குறைவா என்று பிரிந்தார்கள். பச்சைத் தண்ணீர்க் கட்சியார் எதிர்ச் சாரியில் தனியாக ஒரு ஆலயம் கட்டிக்கொண்டார்கள், அது இப்போது முடிதிருத்தும் கடை.

அந்தச் சபைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முழுக்கு எடுக்கிறவர் அதற்கு முந்தின புதன்கிழமை சபைக்கு முன் நின்று, தான் இதுவரை எப்படிப்பட்ட ஆளாக இருந்தார் என்று சொல்லவேண்டும். சொன்னதையெல்லாம் தண்ணீரில் புதைத்துவிட்டுப் புது ஆளாக எழும்பவேண்டும். ஸ்லாதர்பியில் முட்டைக்கோசு நடுவதும் வெட்டுவதும் தவிரப் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பதால், பாவம் போதாதவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். 1939-ல் பத்தொன்பது வயது ஹியூபர்ட் ப்ரௌட், தான் மொடாக்குடியன் என்றும், சந்தையில் கைகலப்புக்குப் பேர்போனவன் என்றும், பெற்ற தாயை ஒருமுறை அடித்தவன் என்றும் சொல்ல, பெண்கள் கைக்குட்டையைப் பிழிந்தார்கள். அதற்கு இணையான சாட்சி அந்தப் பலகைகளின் மேல் பிறகு சொல்லப்படவேயில்லை.

நேசபாய் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "நான் கோபக்காரி. சினிமாப் பைத்தியம். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதோடு வீட்டுக்குப் போகவேண்டும் போலவே இருக்கிறது, எப்போதும்," என்றாள். தங்கை கிருபாபாய் செய்தது இதுதான்: கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிக்குரலாகப் பாடுவது அக்காவின் உரிமை, அக்கா நர்ஸ் வேலைக்குக் கப்பலேறிய முதல் கிறிஸ்துமஸில் தங்கை எழுந்து பாடிவிட்டு, "இந்த வருஷந்தான் பாட்டு சுருதியோட இருந்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க" என்று வான்கடிதத்தில் எழுதினாள். நேசபாய் மூன்று வருடம் கொதித்தாள். அதைத் தண்ணீரில் விட்டுவிடு மகளே என்றார் அப்போதைய போதகர். விட்டாள். கோபம் போனது, கோபத்தோடு தங்கையும் போய்விட்டாள். கொதிக்காத ஒருத்திக்குப் பதில் எழுத என்ன இருக்கிறது? முப்பத்து நான்கு வருடம் அவள் எழுதவில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று லெனார்ட் கேட்கும்போதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்பாள், அது உண்மையாகவும் இருந்தது. அவர் சாகும்வரை அதை நினைத்து ஒரு மாதிரி வருத்தமாகவே இருந்தார்.

1998-ல் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் தொண்ணூற்று நான்காம் வயதில் இறந்துபோக, மீதி இருந்தவர்கள் ஆறு பேர். ஒபதியா கிரிம்ஸ் எழுதிவைத்த பத்திரத்தில், உறுப்பினர் ஏழுக்குக் கீழே போனால் ஆலயத்தை மூடிவிடவேண்டும் என்று இருந்தது. மாவட்டச் சங்கத்திலிருந்து திருமதி ஹாஸ்கின்ஸ் என்கிற கண்ணியமான பெண்மணி வந்து, செப்டம்பர் அறுப்புப் பண்டிகை அன்று தலையெண்ணப்போவதாகவும், ஏழு இல்லாவிட்டால் யாராவது வாங்கிப் படுக்கையறையும் குளியலறையும் வைத்துக் குடியேறிவிடுவார்கள் என்றும், வருத்தத்தோடு, இரண்டாவது பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சொல்லிவிட்டுப் போனார். சபையின் செயலாளர் நேசபாய். அவளுக்கு வயது அறுபத்தொன்று, பிள்ளைகள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க உலகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேரும் அந்தக் கூரைக்குக் கீழேதான்.

ஏழாவது ஆளாகக் கிடைத்தவர் காலின், ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவர். எதிரே வரும் டிராக்டர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன், யாருக்கும் வழிவிடமாட்டேன் என்று புதன்கிழமை சாட்சி சொன்னார். பேருந்தில் போய்வந்தவர்கள் என்பதால் எல்லாரும் நம்பினார்கள். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு பலகைகளைப் பெயர்த்து, குழாய் போட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிறு, நாலு வாரத்துக்கு ஒருமுறை வருகிற இளம் போதகர் பிம், முழங்கால் வரை ரப்பர் காலணியோடு தொட்டியில் இறங்கி, காலினை மல்லாக்காகச் சாய்த்து முக்கி, நிமிர்த்தினார். காலின் சாந்தமான முகத்தோடு படியேறிப் போனார். அவருக்குப் பின்னால் தண்ணீரிலிருந்து இன்னொரு காலின் எழும்பி, மூக்கைச் சிந்தி, "எந்த மடையன்யா தண்ணிய இவ்வளவு ஜில்லுனு வச்சது?" என்றார்.

போதகர் பிம் படித்த இறையியல் கல்லூரியில் இதற்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தரவில்லை. எனவே, மரியாதைக்காக, கை கொடுத்து மேலே ஏற்றிவிட்டார்.

ஏற்றிவிட்ட கையை அவரால் பிறகு மூன்று மணிநேரம் மடக்க முடியவில்லை. காலினுக்குப் பின்னால், 1967-ல் முழுக்கு எடுத்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்ட இரட்டைச் சகோதரிகளின் பழைய ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டே ஏறினார்கள். யாருக்கும் எதுவும் விளங்குவதற்கு முன்பே நேசபாய்க்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் ஞானஸ்நானப் பதிவேடு அவள் மடியில்தான் விரிந்திருந்தது. கடைசியில் இருந்து முதலுக்கு வருகிறார்கள். இரட்டையருக்கு மேலே இருந்த வரியில் அவள் பெயர்.

எழும்பி வந்தவளுக்கு இருபத்தேழு வயது. தண்ணீரில் மிதந்து எழும்பாமலிருக்க ஓரத்தில் ஈயக்குண்டு தைத்த வெள்ளை அங்கி, இடுப்புவரை ஈரப் பின்னல். மெதுவாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டோடு நின்ற கிழவியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க அம்மையாட்டு இருக்கியே, நீ ஆராக்கும்?"

"நான் நீதான் மக்களே," என்றாள் நேசபாய். பல வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ். வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாசனை அடித்தது.

"சும்மா போட்டி. துண்டு இருக்கா?"

மத்தியானம் ஒன்றரை மணிக்கு 1821 வந்து சேர்ந்தது. டார்கஸ் என்கிற பால்காரம்மா, தொட்டியின் முதல் முழுக்கு, வம்பு பேசுவதைப் பாவமாக அறிக்கையிட்டவள். ஏறி வந்து உட்காருவதற்குள் அந்த அறையில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். ஈயக்குண்டுகள் பலகையில் கணகணவென்று இடிக்க, அவர்கள் அவரவர் பழைய இருக்கைகளில் போய் அமர்ந்து, எப்போது சாப்பாடு என்று கேட்டார்கள்.

ஸ்லாதர்பி இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் துண்டு சேகரித்தது. அந்த வாரம் ஊரில் துண்டு காயாத கொடியே இல்லை. ஆர்மோனியம் வாசிக்கிற ஐவி டக்வெல், எழுபது வயது, சாக்லேட் சுற்றி வந்த பழுப்புத் தாளில் யார் யார் வீட்டில் யார் யார் தங்குவது, எந்தக் கிழமை யார் தேநீர் போடுவது என்று ஒரு பட்டியல் போட்டு ஒட்டினாள்; அதை எதிர்க்க 1846-ஆம் வருடத்து ஆட்களுக்கே தைரியம் வரவில்லை. கொள்ளுத்தாத்தாக்கள் தோட்டக் கொட்டகைகளில் படுத்தார்கள். அவர்கள் எத்தனை துவட்டினாலும் காயவில்லை, போன இடமெல்லாம் ஈரக் காலடி விழுந்தது, ஆற்று வாத்துகள் வரிசையாகப் பின்னாலேயே நடந்து கடைக்குள்ளும் வந்தன, ஆகவே கடைக்காரர் வாசலில் 'வாத்துகள் வெளியே நிற்கவும்' என்று எழுதிப்போட்டார். ஓய்வுநாளில் சிரித்தேன் என்று 1833-ல் அறிக்கையிட்ட ஒருவர் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கே சிரிக்கத் தொடங்கினார், திங்கள்கிழமை பேச்சுமூச்சில்லாமல் படுத்திருந்தார். அடுத்த வீட்டுப் பேரிக்காய்க்கு ஆசைப்பட்ட ஒருவர் அதே வேலியோரம் போய் நின்று பெருமூச்சு விட, அந்த வீட்டுக்காரர்கள் ஒரு கூடை பறித்துக் கொடுத்தார்கள். அவருக்கு அது வேண்டாமாம், அடுத்த வீட்டில் இருந்தால்தானாம். ஊர்க் கோயில் பாதிரியார் சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து, "எங்க ஆட்களுக்குத் தலையில மூணு சொட்டுதான். அதுல என்னத்த தங்கும்?" என்று திருப்தியாகச் சொன்னார்.

புதுக் காலின் வண்டியோட்ட லாயக்கில்லாமல் போனார். நாற்சந்தியில் எல்லாருக்கும் வழிவிட்டுவிட்டு, பிறகு வருகிறவர்களுக்கும் வழிவிட்டுவிட்டு, பேருந்து நாற்பது நிமிடம் அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் பழைய காலின் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி ஸ்டியரிங்கைப் பிடித்தார். டிராக்டர்கள் பதறி ஒதுங்கின, பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது. ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது.

ஆனால் டீக்கன் ஹியூபர்ட் ப்ரௌட் மட்டும் வெளியே தலைகாட்டவில்லை. தண்ணீர், கொடுத்ததைக் கொடுத்தபடியே காத்துவைத்திருந்தது. அவருடைய பழைய ஆள் மொடாக்குடியனாக, சந்தைச் சண்டியனாக, சட்டையைக் கிழித்துக்கொண்டு அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நின்று அழுதான்.

"ஒரே ஒரு தடவை, அரைக் குவளை ஆப்பிள் மது குடிச்சேன்! அதுவும் இருமலுக்கு! நீதான்யா சபை முன்னாடி என்னை இப்படி ஆக்கிவிட்ட. அம்மாவ அடிச்சேனாம்! எங்கம்மா குரல் கேட்டா நான் கட்டிலுக்கு அடியில இருப்பேன், உனக்குத் தெரியாதா? இப்ப பாரு, எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது, யாரையும் அடிக்கவும் பிடிக்கலை."

ஹியூபர்ட் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். எதிர்வீட்டில் தங்கியிருந்த டார்கஸ் அதையும் பார்த்தாள்.

நேசபாயின் வீட்டில் இருபத்தேழு வயது நேசம் அடுக்களையைத் தலைகீழாக்கியிருந்தாள். பழைய பாஸ்போர்ட்டை அங்கிப் பைக்குள்ளிருந்து எடுத்து, ஜாம் பாட்டிலில் சாய்த்துக் காயவைத்தாள். தேங்காய் எங்கே, புளி எங்கே, இதென்ன மீனுக்குத் தலையில்லை என்று கேட்டாள். பேருந்தேறி நகரத்துக்குப் போய் எல்லாம் வாங்கிவந்து, தேங்காய் அரைத்து மீன்குழம்பு வைத்தாள். "ஏட்டி கெழவி, திங்கியா, இல்ல இதுவும் வேண்டாமா?" என்று தட்டை நீட்டினாள். நேசபாய் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தான் ஒன்றைக் கேட்டு வாங்கியதை அன்று மாலை கை கழுவும்போதுதான் கவனித்தாள்.

ஜூலையில் திருமதி ஹாஸ்கின்ஸ் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, பின்வரிசையிலிருந்து ஒரு வாத்து அவர் காலணியைக் கொத்துவதைக் கண்டுகொள்ளாமல், முழு ஆராதனையையும் கேட்டார். இருநூறு பேர் பாடிய பாட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அருமையாப் பாடுறாங்க," என்றார் முடிவில். "ஆனா சகோதரி நேசா, நீங்க புதைச்சவங்களுக்கு நீங்களே தேநீர் கொடுத்து உட்காரவச்சா, அப்புறம் புதைச்சதுக்கு என்ன அர்த்தம்? அறுப்புப் பண்டிகைக்குள்ள இவங்க தண்ணிக்குப் போயிடணும். இல்லேன்னா ஏழு என்ன, எழுபது பேர் இருந்தாலும் இதை பாப்டிஸ்டு சபைன்னு நான் எழுத முடியாது. மன்னிக்கணும்."

அவர் கெட்டவர் இல்லை. போகும்போது பேரிக்காய்க்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆக, இவர்களை அனுப்பினால் ஆலயம் நிற்கும், வைத்துக்கொண்டால் ஆலயம் போகும். நேசபாய் அன்று வீட்டுக்கு வந்து, அடுப்படியில் சினிமாப் பாட்டை முனகியபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளைக் கதவோரம் நின்று பார்த்தாள். மறுபடி அந்தத் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கவேண்டும். போன தடவை அது ஒன்றும் பெரிதாக இல்லை. போன தடவை அவளுக்கு அவளைத் தெரியாது.

ஆகஸ்டில் ஒரு காலை, நேசம் நாகர்கோவிலில் யார் யாருக்கோ தொலைபேசியில் பேசி, கிருபாபாயின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள். "இனி நான் வீட்டுக்குப் போவேன், ஆனா அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும்," என்று ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கிவிட்டு நின்றாள். மணி அடித்தது.

"ஹலோ, ஆரு?" என்றது ஒரு குரல், மூச்சிரைத்தபடி.

"ஏட்டி கிருபா, நான் நேசம். நீதான் சுருதி தப்பிப் பாடுவ. அதச் சொல்லத்தான் போன் போட்டேன்."

கடல் தாண்டி முதலில் வந்தது அந்த வீட்டின் சத்தம். எங்கோ ஒரு காகம், எங்கோ ஒரு பிரஷர் குக்கர்.

"முப்பத்தேழு வருஷம் கழிச்சு இதச் சொல்லதுக்கா போன் போட்ட? அம்மை செத்தாளா இருக்காளான்னு கேட்டியா? வச்சிட்டுப் போட்டி, மூதி!"

தொடர்பு அறுந்தது. நேசம் ரிசீவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள். "அது கெழவி. குரலக் கேட்டியா? நான் கெழவியப் பாக்கவா இம்புட்டு நாளும் தண்ணிக்குள்ள ஏங்கிக் கெடந்தேன்? எனக்க கிருபாவுக்கு இருவத்திமூணு வயசாக்கும். கொலுசு போட்டுக்கிட்டு ஓடுவா. அவ இனி எங்கயும் இல்ல. நான் போறதுக்கு எடமில்ல."

ஆனால் நேசபாய் அதைக் கேட்கவில்லை. அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள், காது மடல் சிவந்திருந்தது. மார்பில், லெனார்ட்டின் சாவுக்குக்கூடச் சூடாகாத ஓரிடத்தில், ஏதோ தளதளவென்று கொதித்தது.

"அவ யாரு என்னை மூதின்னு சொல்ல?" என்றாள். "ஒரு தந்தி அடிச்சிருந்தா அம்மைக்க சாவுக்கு நான் வந்திருக்க மாட்டேனா? ஒரு வரி எழுதினாளா? சுருதியாம் சுருதி!"

நேசம் அழுகையை நிறுத்திவிட்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அம்மாடி, இப்பந்தான் ஒனக்கு உசிரு வந்திருக்கு."

செப்டம்பர் மாதத்து முதல் புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, சபைக் கூட்டம். அங்கே எதையும் போதகர் முடிவு செய்ய முடியாது; உறுப்பினர்கள் கை தூக்கித்தான் எல்லாம். ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், மற்ற இருநூற்றுப் பதினான்கு பேர் வெளியே புல்தரையில் வாத்துகளோடு காத்திருந்தார்கள். ஜன்னலில் டார்கஸின் காது தெரிந்தது.

"சகோதரர்களே, சகோதரிகளே," என்று எழுந்தார் ஹியூபர்ட். மெலிந்துபோயிருந்தார். "அவங்க தண்ணிக்குத் திரும்பணும். வேற வழியில்ல."

"சரி," என்றாள் ஐவி, பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து தலையை எடுக்காமல். "எங்க கொள்ளுப்பாட்டிய யாரு உள்ள தள்றது? நீங்களா ஹியூபர்ட்? அவ உங்களைவிட அரை ஆள் பெரிசு."

"அவங்களாப் போகணும்."

"போவாங்க, போவாங்க. நேத்துதான் கேக் சாப்பிட்டுப் பழகியிருக்காங்க."

"எல்லாருக்கும் எது சந்தோஷமோ அது எனக்குச் சம்மதம்," என்றார் புதுக் காலின். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

நேசபாய் எழுந்தாள். செயலாளராக இருபது வருடத்தில் அவள் அதிகம் செய்த வேலை ஒன்று உண்டு. ஒருவர் ஊர் மாறிப்போனால், போகிற ஊர்ச் சபைக்கு அவர் கையில் ஒரு மாற்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பது: இவர் எங்களோடு இருந்தார், இவர்மேல் எங்களுக்குக் குறையில்லை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. ரெகொபோத்தை விட்டு ஆட்கள் போய்க்கொண்டே இருந்ததால் அவளுக்கு அந்தக் கடிதம் மனப்பாடம்.

"இங்க கேட்டு வந்தவங்களுக்குத்தான் முழுக்கு. கேக்காத ஒரு ஆளையும் இந்தச் சபை தண்ணியில முக்கினதில்ல, அதுக்காகத்தானே ஒபதியா கிரிம்ஸ் கோயிலவிட்டு வெளிய வந்தார்," என்றாள். "இப்ப வெளிய நிக்கிறவங்க யாரும் முழுக்குக் கேக்கலை. அப்ப முக்கவும் முடியாது, வச்சுக்கவும் முடியாது. போகிற இடத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பலாம். நான் எழுதுறேன்."

"உறுப்பினரா இல்லாதவங்களுக்கு மாற்றுக் கடிதமா?" என்றார் ஹியூபர்ட். "என்னன்னு எழுதுவ?"

அவள் எழுதியே வைத்திருந்தாள். வாசித்தாள்: "இதைக் கொண்டுவருகிறவர் இவ்வளவு காலம் எங்கள் தண்ணீரில் இருந்தார். இவரைப் பற்றி நாங்கள் சொன்னதில் கொஞ்சம் மிகை உண்டு. இவர்மேல் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. இடம் கொடுக்கவும்."

வெளியே ஹியூபர்ட்டின் பழைய ஆள் யாரோடோ கட்டிப்புரளும் சத்தமும், "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்கிற விசும்பலும் கேட்டன. ஹியூபர்ட் தன் கைகளைப் பார்த்தார்.

"அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தரம் வாசி," என்றார்.

வாசித்தாள். முதலில் தூக்கப்பட்ட கை அவருடையதுதான்.

கடிதம் எழுத ஒன்பது நாள் ஆனது. வாங்கியவர்கள் அவரவருக்குத் தோன்றிய திசையில் போனார்கள். பேரிக்காய்க்காரர் பக்கத்து ஊருக்கு, அங்கே வேலிகள் தாழ்வு என்று. சிரிப்புக்காரர் கடற்கரை ஊர் ஒன்றுக்கு. டார்கஸ் ஒரு செய்தித்தாள் அலுவலகத்துக்கு. ஹியூபர்ட்டின் ஆளுக்கு ஹியூபர்ட்டே நிலையம்வரை பெட்டி தூக்கிக்கொண்டு போனார். வழியனுப்பும்போது இருவரில் யார் அதிகம் அழுதது என்பதில் டார்கஸ் இல்லாத காரணத்தால் தெளிவில்லை. பழைய காலின் பேருந்தோடு போய்விட்டார். வாத்துகள் ஆற்றுக்குத் திரும்பின.

இருநூற்றுப் பதின்மூன்று கடிதம் முடிந்தது. மீதி ஒன்று. ஜாம் பாட்டிலில் சாய்ந்து காய்ந்திருந்த பாஸ்போர்ட்டை நேசம் விரித்துக் காட்டினாள். பிறந்த வருடம் 1937 என்று இருந்தது. "இத வச்சுக்கிட்டு என்னை எந்த ஏரோப்ளேன்ல ஏத்துவான்? அப்படியே போனாலும் கிருபா என்னைப் பாத்தா நெஞ்சடைச்சுச் செத்துருவா. ஒன்னப் பாத்தாத்தான் அவளுக்குச் சண்டை போடத் தோணும்."

"நான் போனா இங்க ஆறு பேராயிருமே மக்களே."

"ஏன், நான் என்ன செத்தா போனேன்? எனக்க பேரு என்ன?"

"நேசபாய்."

"பதிவேட்டில என்ன பேரு இருக்கு?"

நேசபாய் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவளை, தன் இருபத்தேழு வயது முகத்தை, நெருக்கமாகப் பார்த்தாள். மூக்கு நல்ல மூக்குதான். அதைப் பற்றி அப்போது கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை. "இங்க குளிரும்," என்றாள். "ஐவி கோடு போட்டாத் தாண்டாத. ஹியூபர்ட்டுக்குத் தேநீர்ல சர்க்கரை ரெண்டு, ஒண்ணுன்னு சொல்லுவார், நம்பாத." பிறகு பேனாவைத் திறந்து, தனக்குத்தானே ஒரு மாற்றுக் கடிதம் எழுதி, இரண்டாவது வரியை அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

அறுப்புப் பண்டிகையைப் பற்றி, ஐவி நாகர்கோவிலுக்கு எழுதிய கடிதத்தில்தான் நேசபாய்க்குத் தெரிந்தது. பீடம் முழுக்க முட்டைக்கோசு. திருமதி ஹாஸ்கின்ஸ் தொட்டிப் பலகைகளைக் காலால் தட்டிப் பார்த்தார், மூடியிருந்தன; தலைகளை எண்ணினார், ஏழு இருந்தன. ஏழாவது தலையின் முன் கொஞ்சம் நின்று, பெயர் கேட்டார். நேசபாய் என்று பதில் வந்தது. சபையில் ஒருவரும் இருமவில்லை. "வேலையிலேர்ந்து ஓய்வு பெற்றது உங்களுக்கு ரொம்ப நல்லா ஒத்துக்கிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு, திருமதி ஹாஸ்கின்ஸ் ஏழு என்று எழுதிக்கொண்டு, ஒரு முட்டைக்கோசையும் வாங்கிக்கொண்டு போனார்.

நேசபாய் நாகர்கோவிலில் தங்கையோடு ஒரே வீட்டில் பதினோரு வருடம் வாழ்ந்தாள். அதில் நான்கு வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.